பூங்காப் பரப்பளவு நகராட்சிப் பதிவேட்டைவிட இரண்டு மடங்காக வருகிறது

வரைபட மென்பொருளில் பூங்காக்களின் எல்லையை வரைந்து அளந்தால் பரப்பளவு இரட்டிப்பாக வருகிறது, ஊர் 45 பாகை அட்சரேகைக்கு அருகில் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எல்லை வரைந்ததில் கோளாறு இல்லை. அளந்த புரொஜெக்‌ஷன்தான் (உருண்டையான பூமியைத் தட்டையாக்கிக் காட்டும் முறை) தவறு. லேயரை (எல்லைகளை வரைந்த அடுக்கை) உங்கள் ஊருக்குரிய யூடிஎம் மண்டலத்துக்கு, அதாவது அந்தப் பகுதியை மீட்டரில் அளக்க ஏற்ற முறைக்கு, மாற்றி மறுபடியும் அளந்தால், பதிவேட்டைவிட இரண்டு மடங்காக நிற்கும் எண் இறங்கிவிடும்.

இணைய வரைபடத்தின் மேல் வைத்து வரைந்திருப்பீர்கள். அது பெரும்பாலும் வெப் மெர்கேட்டர், மென்பொருளில் அதன் குறியீடு இபிஎஸ்ஜி 3857. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக அது எல்லாவற்றையும் ஊதிக் காட்டும்: பரப்பளவு 30 பாகை அட்சரேகையில் மூன்றில் ஒரு பங்கு கூடும், 45 பாகையில் இரட்டிக்கும், 60 பாகையில் நான்கு மடங்காகும். ஊர் 45 பாகைக்கு அருகில் என்கிறீர்கள், கணக்கு ஒத்துப்போகிறது. வழி காட்டப் பிறந்த வரைபடத்தை நிலம் அளக்க இழுத்து வந்தால் இப்படித்தான்.

உறுதிசெய்ய, நீளம் தெரிந்த ஓர் ஓட்டப்பந்தயத் தடத்தை அதே லேயரில் வரைந்து, தள முறையில் (பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்காமல்) அளந்து பாருங்கள். 100 மீட்டர் நேர்பாதை ஏறத்தாழ 141 மீட்டர் என்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.

லேயரின் பண்புகளில் புரொஜெக்‌ஷன் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஆயத்தொலைவுகள் பழையபடியே இருக்க, பூங்காக்கள் வேறெங்கோ போய் விழும். உருமாற்றிப் புதிய கோப்பாகவே சேமியுங்கள். அதன் பிறகும் சிறு வித்தியாசம் மிஞ்சினால் பதிவேடே பழையதாக இருக்கலாம். அதை எந்த மென்பொருளும் சரிசெய்யாது, களத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டியதுதான்.