முலாலி ஃபோர்டை மீட்ட கதை – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆலன் முலாலி ஃபோர்டு கம்பெனியை மீட்ட கதையை எங்கள் ஆபீஸ் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். ஒரே ஆள் வந்து அவ்வளவு பெரிய கம்பெனியைத் தூக்கி நிறுத்த முடியுமா? எனக்கென்னவோ சினிமா ஹீரோ கதை கேட்டது போலத்தான் இருந்தது. உங்கள் கருத்து என்ன?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் சந்தேகம் பாதி சரி.

முலாலி 2006 செப்டம்பரில் விமானம் செய்யும் போயிங் கம்பெனியிலிருந்து ஃபோர்டின் தலைமை அதிகாரியாக வந்தவர், அதுவரை கார் தொழில் பக்கமே வராத ஆள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஃபோர்டின் நஷ்டம் 1,200 கோடி டாலருக்கு மேல். அவர் வந்த சில மாதங்களில் கம்பெனி ஏறக்குறைய எல்லாச் சொத்தையும், அந்த நீல லோகோவைக்கூட விடாமல், அடகு வைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் கடன் திரட்டியது. 2008இல் வங்கிகளே ஆட்டம் கண்டபோது மற்ற பெரிய அமெரிக்கக் கார் கம்பெனிகளான ஜிஎம்மும் கிரைஸ்லரும் அரசாங்கத்திடம் கையேந்தி, அடுத்த வருடம் திவால் நோட்டீஸும் கொடுத்தன. ஃபோர்டு தப்பித்தது, கையில் காசு இருந்ததால். அதே கடனை இரண்டு வருடம் கழித்துக் கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்? இதில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்றுதான் சொல்வேன்.

ஆனால் காசு இருந்தும் மூழ்கிய கம்பெனிகள் எத்தனையோ. முலாலியின் சொந்தச் சரக்கு என்று நான் நினைப்பது அவருடைய வியாழக்கிழமை மீட்டிங். ஒவ்வொரு அதிகாரியும் தன் பொறுப்பில் உள்ள வேலைகளுக்குப் சரியாகப் போனால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு என்று நிறம் போட்டுக் காட்ட வேண்டும். கம்பெனி கோடி கோடியாக இழந்துகொண்டிருக்க, வாராவாரம் எல்லாரும் பச்சையையே காட்டினார்கள், ஏனென்றால் அங்கே குறையை ஒப்புக்கொண்டவன் வேலை தங்காது என்பது பழைய அனுபவம். கடைசியில் அமெரிக்கப் பிரிவின் தலைவர் மார்க் ஃபீல்ட்ஸ், கனடாவின் ஓக்வில் ஆலையில் எட்ஜ் வண்டியில் வந்த ஒரு கோளாறுக்காகச் சிவப்பைக் காட்டினார். ஆள் காலி என்று மற்றவர்கள் நினைத்திருக்க, முலாலி கைத்தட்டினார், யார் இவருக்கு உதவ முடியும் என்று கேட்டார். அப்புறம்தான் மற்ற அதிகாரிகளின் அட்டவணைகளிலும் சிவப்பு வர ஆரம்பித்தது. இதை ஹீரோயிசம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பொய் கேட்டுக்கொண்டிருந்த கம்பெனியில் இது சின்ன விஷயமும் இல்லை.

ஃபோர்டின் கையில் இருந்த ஜாகுவார், லேண்ட் ரோவரை 2008இல் டாடாவுக்கு விற்றதையும், வோல்வோவை 2010இல் சீனாவின் ஜீலிக்கு விற்றதையும் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். தொழிலாளர்களைப் பற்றிச் சொன்னார்களா? அவர் வந்த அதே 2006இல், பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போகச் சுமார் 38,000 தொழிலாளர்கள் சம்மதித்தார்கள். ஆட்குறைப்பு அவர் வருவதற்கு முன்பே தொடங்கியதுதான், அதனால் பழி முழுக்க அவருக்கில்லை. அப்படிப் பார்த்தால் புகழும் முழுக்க அவருக்கில்லையே!

மறைமலை நகரில் தயாரித்த ஃபிகோவும் அவர் காலத்துக் கார்தான், 2010இல் விற்பனைக்கு வந்தது. அவர் 2014இல் ஓய்வு பெற்றார், நாற்காலிக்கு வந்தவர் அதே மார்க் ஃபீல்ட்ஸ், மூன்றே வருடத்தில் அவரையும் மாற்றிவிட்டார்கள். 2021இல் இந்தியாவில் கார் தயாரிப்பையே நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. அடுத்த வகுப்பில் அந்த 38,000 பேரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.