எழுபது வயதுக்கு மேல் பொங்கலுக்குக் குடும்பம் முழுவதற்கும் சமைப்பதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எனக்கு 72 வயது. பாளையங்கோட்டையில் நானும் என் கணவரும் மட்டும்தான். தை முதல் நாள் மட்டும் வீட்டில் 13 இலை விழும். மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை அத்தனையையும் ஒற்றை ஆளாகச் சமைத்தேன். அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

முழங்கால்தான் ஒருநாள் காலை வாரும் என்று எதிர்பார்த்திருந்தேன். காலை வாரியது நாக்கு.

எங்கள் பக்கத்துப் பொங்கலை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடியுமுன் வாசலில் கட்டி அடுப்பு வைத்து, பனை ஓலை எரித்து, மஞ்சள் குலை கட்டிய வெண்கலப் பானைகளில் பால் பொங்கல் ஒன்று, சர்க்கரைப் பொங்கல் ஒன்று. இது எளிது. உள்ளே அடுப்பங்கரையில்தான் வேலை: இடிசாம்பார், அவியல், சிறுகிழங்குப் பொரியல், சேனைக்கிழங்கு, அவரைக்காய், பூசணிக்காய்ப் பச்சடி. எல்லாவற்றையும் குத்துவிளக்கின் முன் இலை போட்டுப் படைக்கும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. ஆகவே உப்புப் பார்க்கும் பேச்சே கிடையாது. கைதான் அளவு. அந்தக் கை ஐம்பது ஆண்டுகள் தவறவில்லை.

அந்த ஆண்டு இடிசாம்பார் எனக்கு அமிர்தமாக இருந்தது. "நன்றாக இருக்கிறது அத்தை" என்றாள் மருமகள். பேரன் மட்டும் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தான். கரும்பு தின்ற தாகம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் வழக்கம்போல் சுண்டக்கறி. மீந்த சாம்பார், அவியல், பொரியல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுச் சுண்டவைத்து, பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வோம். நீர் வற்ற வற்ற உப்பு ஏறுமல்லவா? என் மரத்துப்போன நாக்குக்கே அன்றைக்கு உறைத்துவிட்டது. முந்தின நாள் அத்தனை பேரும் அந்த உப்பை வாய் திறக்காமல் விழுங்கியிருக்கிறார்கள்! அதில் என் கணவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர். எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். ஒருவராவது சொல்லியிருக்கக் கூடாதா?

வயது ஏற ஏற நாக்கின் ருசி மங்கும், சில மாத்திரைகளும் மங்கவைக்கும் என்றார் மருத்துவர். கைக்கும் நாக்குக்கும் உள்ள உறவு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்றாடச் சமையலில் நாக்கு "போதாது, போதாது" என்று சொல்லச் சொல்ல, கை தன் அளவைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

பிறகு ஒரு காரியம் செய்தோம். மறு மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படையல் இல்லாத சாதாரண நாளில், பொங்கலுக்கு வைக்கும் அதே பாத்திரத்தில், அதே அளவு பருப்பும் காயும் போட்டு இடிசாம்பார் வைத்தேன். மகள் பக்கத்தில் நின்று உப்பைச் சிறுகச் சிறுகப் போட்டு ருசி பார்த்து, எத்தனை கரண்டி என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள். அந்தத் தாள் இப்போது அஞ்சறைப் பெட்டிக்குள் இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை இது ஒன்றுதான். கை அளவுகளை எல்லாம் கரண்டி அளவாக மாற்றி எழுதிவையுங்கள், ருசி தெரிந்த இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

மற்ற வேலைகள் தாமாகவே பிரிந்தன. முந்தின நாள் மாலை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்துவிடுவோம். மண்ணோடு வரும் சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தரையில் அடித்துத் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். அது பேரன்களின் வேலை, அவர்களுக்கு அது விளையாட்டு. சேனையை மருமகன் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குகிறார். வெண்கலப் பானையை இறக்குவது மகன். கொதிக்கும் பானையை நான் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டார்கள். தேங்காயை இரண்டு நாள் முன்பே துருவி ஃபிரீசரில் வைத்துவிடுகிறேன்.

இடிசாம்பாருக்கு மல்லி, மிளகாய் வற்றல், கடலைப்பருப்பு, உளுந்து, வெந்தயம், தேங்காய், கறிவேப்பிலை வறுப்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. முக்காலி போட்டு உட்கார்ந்து நானே வறுக்கிறேன். மல்லி வறுபட்டதா என்று மூக்கு சொல்லிவிடும். மூக்கு இன்னும் என் பக்கம்தான். உரலில் இடிப்பது போய், மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றுகிறேன். பெயர் மட்டும் இடிசாம்பார்.

வடையை நிறுத்தினேன். யாருமே கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகள் அந்த எண்ணெய்ச் சட்டி முன் எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை. அவியலை மருமகளிடம் ஒப்படைத்தேன். அதில் அவள் கேரட் போடுகிறாள். அந்த நேரத்தில் நான் வாசலில் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன பொங்கலுக்குக் காலண்டர் தாளில் உள்ளதைவிட அரைக் கரண்டி உப்பைக் குறைத்தே போட்டேன். "ஆச்சி, உப்புக் குறைகிறது" என்று பேரன் பந்தியில் உரக்கச் சொன்னான். மகள் அவனை முறைத்தாள். முறைக்காதே என்றேன். குறைந்தால் இலை ஓரத்தில் உப்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் சுண்டக்கறியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டவனும் அவன்தான்.