இ-பாஸ் போதுமா? (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

நான் மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறேன். பழனிக்கு வரும்போதெல்லாம் கொடைக்கானலுக்கும் ஏறிவிட்டுத்தான் ஊர் திரும்புவோம். கடலுக்கடியில் முக்குளிப்பதில் (ஸ்கூபா டைவிங்) எனக்கு ஆர்வம் அதிகம். எங்கள் சபா மாநிலத்துச் சிப்பாடான் தீவில் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று பெர்மிட் வைத்துப் பவளப்பாறையைக் காப்பாற்றிவிட்டார்கள். உங்கள் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. அப்புறமும் சுற்றுலாக் கூட்டத்தைப் பற்றி ஏன் குறைப்பட்டே எழுதுகிறீர்கள்?

சிவநேசன்

அன்புள்ள சிவநேசன்,

சிப்பாடான் நல்ல உதாரணம்தான். ஆனால் கதையைப் பாதியிலிருந்து சொல்கிறீர்கள். முன்பு அந்தச் சின்னத் தீவின் மேலேயே ரிசார்ட்டுகள் இருந்தன. 2004 முடிவதற்குள் அத்தனை பேரும் காலி செய்ய வேண்டும் என்று மலேசிய அரசு உத்தரவு போட்டது, காலி செய்தார்கள். நாளுக்கு 120 பேர் என்ற கணக்கெல்லாம் அதையொட்டி வந்ததுதான் (பின்னாளில் அதையும் கூட்டிவிட்டார்கள்). இன்று முக்குளிக்கப் போகிறவர்கள் பக்கத்துத் தீவான மாபுலிலோ கரையோர ஊரான செம்பூர்ணாவிலோ தங்கி, பகலில் படகேறிப் போய்வருகிறார்கள்.

அங்கே கட்டிலையும் எண்ணினார்கள். இங்கே காரை மட்டும் எண்ணுகிறோம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பு. வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தாலே சனிக்கிழமை 24,000 பேர். இவர்கள் குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்று எந்தப் பாஸும் கேட்பதில்லை.

மேலே ஏறும்போது வெள்ளி அருவியில் நிறுத்தியிருப்பீர்கள். எல்லோரும் நிறுத்துவார்கள். சுட்ட சோளம், குரங்கு, செல்ஃபி, அப்புறம் அருவித் தண்ணீரில் முகம் கழுவல். அது கொடைக்கானல் ஏரி வழிந்து வருகிற தண்ணீர். 1863-இல் உண்டாக்கிய ஏரி. இன்று அதைச் சுற்றி விடுதிகள். சரிவில் கட்டிய செப்டிக் டேங்க் கசிந்தால் எந்தப் பக்கம் இறங்கும் என்று சொல்ல என்ஜினியர் வேண்டாம். நான் அந்த அருவியில் கையைக்கூட நனைப்பதில்லை.

கடலில் ஒரு வசதி உண்டு. பவளம் செத்தால் முக்குளிப்பவரின் கண்ணெதிரே வெளுத்துக் கிடக்கும். அடுத்த வருஷம் அவர் வேறு தீவுக்குப் போய்விடுவார் என்று படகுக்காரருக்கே பயம் வரும். இங்கே பனிமூட்டம் எல்லாவற்றையும் மூடி அழகாக்கிவிடுகிறது.

அதற்காகச் சிப்பாடானையும் தலையில் தூக்கிவைக்க வேண்டாம். ரிசார்ட்டை அகற்றிய அதே தீவுக்கு 2006 மே மாதம் கட்டட வேலைக்கென்று ஜல்லியும் இரும்பும் கொண்டுவந்த சரக்குத் தெப்பம் பவளத்தின் மேல் ஏறி நொறுக்கியது. தங்குகிற கூட்டத்தின் சுமை இப்போது மாபுலுக்கு. கொடைக்கானலை மட்டும் இறுக்கினால் எங்களுக்கும் அப்படி ஒரு மாபுல் கிடைத்துவிடும். இதே மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்துக்குள் காட்டேஜ்கள் எழும்புவதைப் பார்த்தால் ஏற்கெனவே கிடைத்துவிட்டது போலத்தான் தெரிகிறது. இ-பாஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழனிமலைத் தொடர் முழுமைக்கும் சேர்த்து இத்தனை கட்டில், இத்தனை தண்ணீர் என்று கணக்கு வேண்டும் என்கிறேன்.

நீங்கள் தாராளமாக வாருங்கள். சித்திரை, வைகாசியை விட்டுவிட்டு ஆடிக்குப் பிறகு வாருங்கள். பழனியிலிருந்தே பஸ் இருக்கிறது. அறை எடுக்கும்போது ஜன்னலில் என்ன தெரியும் என்று கேட்பதோடு, செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, நிரம்பினால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்றும் கேளுங்கள். முறைப்பார்கள். இருந்தாலும் கேளுங்கள்.