ஐஸ் பழக்கத்துக்கு ஊசி வந்திட்டுதாமே?

கேள்வி: என்ர தம்பி ஐஸ் எண்ட போதைப்பொருள் பாவிக்கிறான். அமெரிக்காவில ஊசியும் குளிசையும் சேர்த்துக் குடுத்துச் சுகமாக்கினவையாம் எண்டு கனடாவில இருக்கிற மாமா சொல்லுறார். எடுப்பிச்சுத் தரச் சொல்லட்டோ?
- ஒரு அக்கா, கிளிநொச்சி

பதில்: வேண்டாம் பிள்ளை, எடுப்பிக்காதேங்கோ. மாமா சொன்ன ஆராய்ச்சி உண்மைதான், டொக்டர் மதுகர் திரிவேதி தலைமையில 403 பேரை வைச்சுச் செய்து 2021 ஜனவரியில வெளியிட்டவை. மூண்டு கிழமைக்கு ஒருக்கா நால்ட்ரெக்ஸோன் ஊசி, ஒவ்வொரு நாளும் பியூப்ரோபியோன் குளிசை. பலன் கிடைச்சது 13.6 வீதம் பேருக்கு, போலி மருந்து எடுத்தவையில 2.5 வீதம். வித்தியாசம் இருக்கு, ஆனா சுகமாக்கிற மருந்து எண்டு சொல்லேலாது.

இவ்வளவு சின்ன வித்தியாசத்தை ஒரு ஆஸ்பத்திரியில கொஞ்சப் பேரை வைச்சுக் கண்டுபிடிக்கேலாது, அதுதான் கன இடங்களைச் சேர்த்து, எல்லா இடத்திலயும் ஒரே அளவு மருந்து, ஒரே மாதிரிச் சிறுநீர் ரெஸ்ட், ஆருக்கு உண்மை மருந்து எண்டு நோயாளிக்கும் தெரியாது டொக்டருக்கும் தெரியாது எண்டு நடத்துறவை. மருந்தை விடப் பெரிய கஷ்டம் ஆளைத் திரும்ப வரவைக்கிறது. ரெண்டு மூண்டு நாள் நித்திரையில்லாமல் நிண்டிட்டு பிறகு எழும்பாமல் கிடக்கிற பெடியனுக்கு செவ்வாய்க்கிழமை கிளினிக் எண்டா செவ்வாய் எது எண்டே தெரியாது, அதால ஆராய்ச்சியை ஒருங்கிணைக்கிற ஆக்கள் போன் எடுத்து, பஸ் காசு குடுத்து, தாய்மாரோட கதைச்சு எண்டு ஓடித்திரியவேணும், ஆக்கள் இடையில நிண்டிட்டா முடிவையே நம்பேலாது. அந்த ஓட்டத்தை ஆரும் எழுதுறேல்ல, எனக்கு அது கவலை.

தம்பி ஹெரோயினும் சேர்த்துப் பாவிச்சா இந்த ஊசி போட்ட உடன கடும் உடல்வாதை வரும், மற்றக் குளிசை சிலருக்கு வலிப்பைக் கொண்டுவரும். டொக்டர் பாராமல் தொடவே கூடாது.

இப்போதைக்கு ஆராய்ச்சிகளில கூடப் பலன் காட்டினது மருந்தில்லாத முறை: ரெஸ்ட் சுத்தமா வந்தா அண்டைக்கே ஒரு சின்னப் பரிசு, வராட்டி ஏச்சில்லை, அடுத்த முறை பாப்பம். வீட்டில அதை அப்பிடியே செய்யேலாது, ஆனா அவன் பாவிக்காத நாளைக் கண்டு உடன நல்லதா ஒரு வார்த்தை சொல்லலாம். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, போதைப்பொருள் ஆலோசனை இலக்கமான 1927க்கு எடுத்தும் கதைக்கலாம். நெஞ்சு நொந்தாலோ, ஆரோ கொல்ல வாறாங்கள் எண்டு பயந்து கத்தினாலோ கிளினிக் நாள் பாராதேங்கோ, இரவெண்டாலும் நேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.