தேதி தாண்டிய கறி: மூக்கை நம்பலாமா?

கறி, ஃபிரிட்ஜ், கெடு தேதி பற்றி வடசென்னை மக்கள் கேட்ட கேள்விகள். பதில் சொல்பவர் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, இறைச்சிப் பரிசோதனை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: டாக்டரம்மா, ஆப்பில் வாங்கிய கோழி. பாக்கெட்டில் 'யூஸ் பை' தேதி நேற்றோடு முடிந்துவிட்டது. ஃபிரிட்ஜில்தான் இருந்தது. மோந்து பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. இன்று குழம்பு வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. காசு போட்டு வாங்கியதைத் தூக்கிப் போட மனசு வராது, தெரியும். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கறியைக் கெடுக்கிற கிருமி வேறு, நம்மைப் படுக்கையில் தள்ளுகிற கிருமி வேறு. நாற்றம், பிசுபிசுப்பு, பச்சை நிறம் எல்லாம் முதல் கூட்டத்தின் வேலை. சால்மோனெல்லா மாதிரியான இரண்டாவது கூட்டம் எவ்வளவு பெருகினாலும் வாடை காட்டாது. அதனால் நாறுகிற கறியைத் தயங்காமல் போட்டுவிடலாம். நாறவில்லை என்பதை மட்டும் வைத்துச் சாப்பிட முடியாது.

அந்தத் தேதியைக் கம்பெனிக்காரர் குறிக்கும்போது, கறி 4 டிகிரிக்குக் கீழேயே இருக்கும் என்று நினைத்துத்தான் குறிக்கிறார். கடையிலிருந்து பையில் ஏறி, பைக்கில் வெயிலில் வந்து, நீங்கள் கதவைத் திறக்கும்வரை அந்தக் குளிர் அப்படியே இருந்ததா? வீட்டு ஃபிரிட்ஜிலும் கதவை அடிக்கடி திறந்தால் 4 டிகிரி நிற்காது. ஃபிரிட்ஜுக்குள் வைக்கிற சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். கோழியை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளில் சமைத்துவிட வேண்டும். தேதி அதற்கு முன்னால் முடிந்தால் தேதிதான் கணக்கு.

பெரம்பூர்: 'பெஸ்ட் பிஃபோர்' என்று போட்டிருந்தாலும் இதே கதைதானா?

இல்லை. அது ருசியும் பதமும் குறையாமல் இருக்கும் காலம். பிஸ்கெட், அப்பளத்துக்கு அந்தத் தேதி தாண்டினால் உடனே ஆபத்து என்று அர்த்தமில்லை. 'யூஸ் பை', 'எக்ஸ்பயரி' இரண்டும்தான் பாதுகாப்புக்கான கெடு. 2020-இல் வந்த லேபிள் விதிகளின்படி நம் நாட்டில் பாக்கெட் உணவில் இந்தக் கெடு தேதி கட்டாயம், 'பெஸ்ட் பிஃபோர்' விருப்பம்.

வியாசர்பாடி அக்கா ஒருவர்: நாங்கள் வாங்குவது தெருமுனைக் கடை மட்டன். அதில் தேதியே கிடையாதே, எப்படிக் கணக்கு வைப்பது?

நல்ல கேள்வி. நம் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளின் கறி இதுதான். தேதி இல்லாத கறிக்கு மணிக்கணக்குதான் தேதி. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்த நிலையில் கறி மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியில் 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் 1 மணி நேரம்தான். சித்திரை வைகாசியில் நமக்குக் காலை எட்டு மணிக்கே அந்தச் சூடு வந்துவிடும்.

ஆட்டை விடியற்காலையில் அறுத்திருப்பார்கள். ஆறு மணிக்குக் கடையில் தொங்கும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் பதினொரு மணிக்குப் போனால் அது எத்தனை மணி நேரமாகக் கொக்கியில் தொங்குகிறது என்று யோசியுங்கள். சீக்கிரம் போங்கள், வந்ததும் அடுப்பில் ஏற்றுங்கள். காலையில் வாங்கிக் காலையிலேயே குழம்பு வைக்கிற நம் பெரியவர்களின் பழக்கம் மிகச் சரியானது. ஃபிரிட்ஜில் ஆட்டுக்கறித் துண்டுகள் 3 முதல் 5 நாள் தாங்கும் என்று சொல்வார்கள். அது அறுத்ததிலிருந்து குளிரிலேயே இருந்த கறிக்கு. வெளியில் தொங்கிய கறிக்கு நான் மறுநாளைத் தாண்டச் சம்மதிக்க மாட்டேன்.

ஈரல், போட்டி, மூளை, கைமா இவற்றை அன்றைக்கே சமைத்துவிடுங்கள். முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில் இருக்கும். கைமா போடும்போது அது உள்ளே எல்லா இடத்திலும் கலந்துவிடுகிறது.

ராயபுரம்: கறி பழுப்பாகிவிட்டால் கெட்டுப்போனதா? பை உப்பியிருந்தால்?

நிறம் மட்டும் மாறினால் கெட்டதாகாது. கறிக்குச் சிவப்பு தருகிற மயோகுளோபின் காற்று பட்டுப் பட்டுப் பழுப்பாகும். காற்றை உறிஞ்சி எடுத்து மூடிய பையில் கரு ஊதாவாகக்கூடத் தெரியும்; திறந்ததும் ஒரு மூடிய வாடை அடித்து அரை மணிக்குள் போய்விடும். அதில் தப்பில்லை. பச்சையாகப் பூத்திருந்தால், விரலில் கொழகொழவென்று ஒட்டினால், புளித்த வாடை போகவே இல்லையென்றால் குப்பைக்கு. உப்பிய பையைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள்.

தண்டையார்பேட்டை அம்மா ஒருவர்: மஞ்சளும் உப்பும் போட்டு நான்கு முறை அலசி, குக்கரில் ஆறு விசில் விட்டால் எந்தக் கிருமி நிற்கும்? எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

அம்மா, குக்கர் கிருமியைக் கொல்லும், உண்மைதான். கோழிக்கு நடுவில் 74 டிகிரி வந்தாலே போதும், குக்கர் அதற்கும் மேலே போகும். ஆனால் கறி வெளியில் கிடந்த நேரத்தில் சில கிருமிகள் நஞ்சைச் சுரந்து வைத்துவிடும். ஸ்டஃபைலோகாக்கஸ் சுரக்கிற நஞ்சு கொதிநிலையிலும் அழியாது. கிருமி செத்திருக்கும், நஞ்சு குழம்பில் இருக்கும். அலசினாலும் போகாது. குழாயடியில் அலசும்போது தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் இருக்கிற தக்காளி, தட்டு எல்லாவற்றிலும் கிருமியை ஏற்றும். எலும்புத் தூள் போக வேண்டுமென்றால் பாத்திரத்துக்குள்ளேயே மெதுவாக அலசி, தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

இன்னொன்று, என் அப்பாவுக்கே நடந்தது. பெரிய குண்டானில் எலும்புக் குழம்பு, இரவு முழுக்க அடுப்படியிலேயே ஆறியது. காலையில் லேசாகச் சுட வைத்து இட்லிக்கு ஊற்றிக்கொண்டார். சாயங்காலம் வயிற்று வலியும் பேதியும். கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் வித்து சமைக்கிற சூட்டிலும் பிழைக்கும். பெரிய பாத்திரம் மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். அரைச்சூட்டில் சாப்பிட்டால் உயிரோடு குடலுக்குப் போய் அங்கே நஞ்சு உண்டாக்கும். அவருக்கு அப்போது எழுபது வயது. நான் இந்த வேலையில் இருந்துகொண்டே அதைக் கவனிக்காமல் விட்டேன் என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது. மிஞ்சிய குழம்பை, பிரியாணியை அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். 3 அல்லது 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். எடுக்கும்போது தளதளவென்று கொதிக்க விடுங்கள்.

எண்ணூர்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஃப்ரீசரில் இருந்த கோழியை வீணாக்க வேண்டாமென்று பிறகு சமைத்தோம். அடுத்த முறை என்ன செய்வது?

கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் குளிரைப் பிடிக்கும். நிறைய அடைத்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். கறியில் இன்னும் ஐஸ் துகள் இருந்தால் சமைக்கலாம், மறுபடி உறைய வைக்கவும் செய்யலாம். உருகித் தண்ணீர் விட்டு, எவ்வளவு நேரமானது என்று தெரியாவிட்டால் வேண்டாம்.

வீட்டை விட்டுப் போய்த் திரும்புகிறவர்களுக்குத்தான் சிக்கல். நடுவில் கரண்ட் வந்திருக்கும், உருகிய கறி மறுபடி கல் மாதிரி உறைந்து ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். மழைக்காலம் தொடங்கும்போதே ஒரு டம்ளரில் தண்ணீர் உறைய வைத்து மேலே ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். திரும்பி வரும்போது காசு மேலே இருந்தால் சரி. அடியில் உறைந்திருந்தால் எல்லாம் உருகியிருந்தது என்று அர்த்தம். வெள்ளத் தண்ணீர் பட்ட கறியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அதுவும் அந்த முறை எண்ணெய் கலந்து வந்த தண்ணீர்.

மூலக்கடை: கெடு தேதிக்கு முன்பே ஃப்ரீசரில் போட்டால்?

தாராளமாக. மைனஸ் 18 டிகிரியில் கிருமி பெருகாது. ஆனால் சாகவும் செய்யாது, எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதனால் கடைசி நாளன்று போட்டதை, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் உருக வைத்து அன்றே சமையுங்கள். மேடையில் போட்டு உருக வைக்காதீர்கள். மசாலா தடவி வைத்தாலும் ஆயுள் கூடாது.

காசிமேடு: சூரை மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து அரித்தது. மீன் அலர்ஜியா?

அலர்ஜியாக இல்லாமலும் இருக்கலாம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி இவற்றை ஐஸ் இல்லாமல் வைத்தால் சதையிலேயே ஹிஸ்டமின் என்ற, அலர்ஜி மாதிரியே அரிக்க வைக்கிற பொருள் சேரும். அதுவும் சமைத்தால் போகாது. நாக்கில் மிளகு மாதிரி சுருக்கென்றால் தட்டை ஒதுக்கிவிடுங்கள். இந்த மீன்களை வாங்கும்போதே ஐஸ் போட்டுக் கட்டித் தரச் சொல்லுங்கள். மூச்சு இழுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வண்ணாரப்பேட்டை: தேதி பார்க்காமல் சாப்பிட்டுவிட்டோம். வீட்டில் கர்ப்பிணி மகளும் இருக்கிறாள். என்ன செய்ய?

பதறாதீர்கள். சாப்பிட்ட எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வாந்தி எடுக்க வைக்க முயற்சி செய்யாதீர்கள். பேதி தொடங்கினால் ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், தண்ணீர்கூட வயிற்றில் நிற்காத வாந்தி, மூன்று நாள் தாண்டிய பேதி, சிறுநீர் குறைவது இவற்றில் எது வந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தை, முதியவர், சர்க்கரை நோயாளி என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

மகளை மட்டும் இன்றே அவளுடைய மருத்துவரிடம் அழைத்துப் போய், என்ன சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள் என்று சொல்லுங்கள். லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், கருவைப் பாதிக்கும், சில வாரம் கழித்துக்கூடக் காய்ச்சலாகத் தலைகாட்டும். பாக்கெட்டைக் குப்பையில் போட்டிருந்தால் எடுத்து வையுங்கள், அதில் இருக்கிற தேதி மருத்துவருக்கு உதவும்.