மின்தூக்கிப் பக்கத்து ஏஇடி: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் மின்தூக்கித் தளத்தில் தொங்கும் ஏஇடி, அதாவது நெஞ்சில் மின்அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் கருவியைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். நான் மருத்துவன் இல்லை. சிங்கப்பூரில் சிபிஆர் (நெஞ்சை அழுத்தும் முதலுதவி), ஏஇடி பயிற்சி கொடுக்கும் தொண்டூழியன்.

மாரடைப்பு வந்தாலே இதை வைக்கணுமா அண்ணே?

இல்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால் மாரடைப்பு. "நெஞ்சு வலிக்குது" என்று சொல்ல முடிகிறவருக்கு 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழைத்தால் போதும். ஏஇடி, இதயம் திடீரென்று ரத்தத்தைத் தள்ளாமல் நின்று, தட்டினாலும் அசையாமல், சரியான மூச்சும் இல்லாமல் கிடப்பவருக்கு. மாரடைப்பு சில சமயம் இதில் போய் முடியும், குழப்பம் அதனால்தான். ஒன்று கவனியுங்கள்: சிலர் வாயைத் திறந்து திறந்து, விட்டு விட்டு இழுப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் "மூச்சு இருக்கு" என்று உட்கார்ந்துவிடுவார். அது மூச்சில் சேர்த்தி இல்லை.

தெரியாமல் நல்ல ஆளுக்கு ஷாக் அடித்துவிட்டால்?

நீங்கள் பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் கருவி சம்மதிக்காது. கருவியோடு வரும் ஒட்டுப் பட்டைகளை நெஞ்சில் ஒட்டியதும் துடிப்பை அதுவே படிக்கும். இதயத்தின் கீழறைகள் தாறுமாறாக நடுங்கினாலோ கண்மண் தெரியாத வேகத்தில் ஓடினாலோ மட்டும்தான் ஷாக். டிவி நாடகத்தில் திரையில் நேர்கோடு வந்ததும் அடிப்பார்களே, அது சுத்த அபத்தம். நேர்கோட்டுக்கு ஷாக் உதவாது. அப்புறம், "ஷாக் வேண்டாம்" என்று கருவி சொன்னால் ஆள் பிழைத்துவிட்டார் என்று அர்த்தமில்லை. மூச்சில்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்துங்கள்.

பெண்களுக்கு எப்படி அண்ணே? கூச்சமாக இருக்குமே.

கேட்டதற்கு நன்றி, அக்கா. பயிற்சியில் எல்லோரும் மனதுக்குள் வைத்துக்கொண்டு கேட்காமல் போகும் கேள்வி இது. பட்டை வெறும் தோலில்தான் ஒட்ட வேண்டும்: ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாவில். பட்டையிலேயே படம் இருக்கும். ரவிக்கையை வெட்டத்தான் வேண்டும். பெட்டியில் பெரும்பாலும் கத்தரிக்கோல் இருக்கும். தாலிக்கொடியைக் கழற்ற வேண்டாம், ஒதுக்கினால் போதும். சுற்றி நிற்பவர்களைத் திரும்பி நின்று மறைக்கச் சொல்லுங்கள், அவர்களுக்கும் ஒரு வேலை ஆச்சு.

வியர்வை, பேஸ்மேக்கர்?

வியர்வையோ தைலமோ இருந்தால் துடையுங்கள். பேஸ்மேக்கர் (துடிப்பைச் சீராக்கத் தோலுக்கடியில் வைக்கும் கருவி) இருந்தால், அதன் புடைப்பின் மேல் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி ஒட்டுங்கள்.

குழந்தைக்கு?

8 வயதுக்குள் என்றால் சிறுவர் பட்டை. இல்லையா, பெரியவர் பட்டையையே நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று ஒட்டலாம்.

தனியாக இருந்தால் கருவியைத் தேடி ஓடவா, அழுத்தவா?

995ஐ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அழுத்துங்கள். எப்படி என்று எதிர்முனையில் சொல்லிக்கொடுப்பார்கள். குரல் கொடுத்து, கருவியை எடுக்க வேறொருவரை ஓடவிடுங்கள். ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 செ.மீ. ஆழம். 2021 ஜூனில் கோபன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் வீரர் எரிக்சன் சுருண்டு விழுந்தது நினைவிருக்கிறதா? அங்கேயே அழுத்தி, ஷாக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு மறுபடி பந்து உதைத்தார்.

ஷாக் கொடுத்து ஆள் கண் விழித்துவிட்டால் கருவியை அணைக்கலாமா?

கூடாது. பட்டையையும் பிய்க்காதீர்கள். இதயம் மறுபடி நிற்கலாம். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கழற்றட்டும்.