குரங்கு கீறினால் எச்ஐவி வருமா?

ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "போன ஞாயிற்றுக்கிழமை சோளிங்கர் பெரிய மலைக்குக் குடும்பத்தோடு போனோம். இறங்கும்போது ஒரு குரங்கு என் 9 வயது மகளின் கையிலிருந்த தேங்காய்ப் பையைப் பிடுங்கியது. முன்கையில் இரண்டு கீறல், கொஞ்சம் ரத்தமும் வந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினோம். எச்ஐவியே குரங்கிலிருந்து வந்ததுதானே, பிள்ளைக்கு டெஸ்ட் எடுங்கள் என்று என் நாத்தனார் பயமுறுத்துகிறார். எத்தனை நாள் கழித்து எடுக்க வேண்டும்?"

எடுக்கவே வேண்டாம். ஆனால் இதைப் படித்த கையோடு பிள்ளையை வாலாஜா ஜி.எச்.சுக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போங்கள். நாய்க்கடிக்குப் போடும் ஊசியை இன்றே ஆரம்பிக்க வேண்டும். அது ஏன் என்று பிறகு வருகிறேன். முதலில் நாத்தனார் பேச்சு. அதில் பாதி உண்மை இருப்பதால்தான் இத்தனை பயம்.

எச்ஐவி ஒரு ரெட்ரோ வைரஸ், அதாவது தன் மரபணுவை நம் செல்லின் மரபணுவுக்குள்ளேயே சேர்த்துவிடும் வகை. அதற்குப் பங்காளியாக எஸ்ஐவி என்றொரு ரெட்ரோ வைரஸ் கூட்டம் குரங்குகளிடம் இருக்கிறது. 40க்கும் மேற்பட்ட குரங்கினங்களில் அது உண்டு, எல்லாமே ஆப்பிரிக்காவில் வாழ்பவை. உலகம் முழுக்கப் பரவிய எச்ஐவி-1, கேமரூனின் தென்கிழக்குக் காடுகளில் வாழும் சிம்பன்சிகளின் வைரஸிலிருந்து வந்தது. எச்ஐவி-2 மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மங்கபே குரங்கிலிருந்து வந்தது. வேட்டையாடிய விலங்கை அறுக்கும்போது அதன் ரத்தம் மனிதரின் காயத்தில் பட்டுத் தாவியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நடந்த கதை இது. அதற்குப் பின் பரவியதெல்லாம் மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான். இந்தியாவில் எச்ஐவி இருப்பது 1986இல் தெரியவந்தபோது, டாக்டர் சுனீதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகள் நம் வேலூர் சிஎம்சிக்கு வந்துதான் சோதிக்கப்பட்டன. அந்தத் தொற்றுகளிலும் குரங்குக்கு எந்தப் பங்கும் இல்லை.

சோளிங்கரிலும் வள்ளிமலையிலும் பையைப் பிடுங்குவது நாட்டுக்குரங்கு. உச்சந்தலை முடி நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் படிந்திருக்குமே, அதுதான். அது ஆசியாவின் மக்காக் இனத்தைச் சேர்ந்தது. ஆசிய மக்காக்குகளுக்கு இயற்கையில் எஸ்ஐவி கிடையாது. 1985இல் அமெரிக்க ஆய்வுக்கூடத்து மக்காக்குகளில் எஸ்ஐவியைக் கண்டுபிடித்தார்களே என்று கேட்கலாம். அது கூண்டில் வளர்ந்த ஆப்பிரிக்க மங்கபேக்களிடமிருந்து அவற்றுக்குத் தொற்றியது.

இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு தருவது. வடநாட்டு மக்காக்கான ரீசஸ் குரங்கின் உடலில் எச்ஐவி-1ஐச் செலுத்தினாலும் அது வேர் பிடிக்காது. செல்லுக்குள் நுழைந்த வைரஸின் உறையைப் பிடித்துக் குலைத்துவிடும் புரதம் ஒன்று அந்தக் குரங்கிடம் இருக்கிறது, பெயர் ட்ரிம்5 ஆல்ஃபா. நமக்கும் அதே புரதம் உண்டு, ஆனால் எச்ஐவியிடம் அதன் பாச்சா பலிப்பதில்லை. அதனால்தான் எச்ஐவி தடுப்பூசி ஆய்வுக்கு எஸ்ஐவியையும் எச்ஐவியையும் ஒட்டிய கலப்பு வைரஸைச் செய்து குரங்குக்குக் கொடுக்கிறார்கள்.

சரி, மக்காக்குகளிடம் ரெட்ரோ வைரஸே இல்லையா? இருக்கிறது. ஃபோமி வைரஸ் என்ற ஒன்று எச்சில் வழியாக, கடியால் மனிதருக்கு வரக்கூடியது. பாலித் தீவில் குரங்குகள் நிறைந்த ஒரு கோயிலில் குரங்குகளோடு பழகிய ஒருவருக்கு அது தொற்றியிருந்ததை 2005இல் பதிவு செய்தார்கள். ஆனால் இதனால் மனிதருக்கு நோய் வந்ததாகவோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவியதாகவோ இதுவரை சான்று இல்லை. எஸ்டிஎல்வி என்று இன்னொன்று உண்டு, மனிதரிடம் காணப்படும் எச்டிஎல்வி என்ற ரெட்ரோ வைரஸுக்கு உறவு. ஒரு நகக் கீறலுக்காக இவற்றைத் தேடிப் பரிசோதனை செய்ய எந்த மருத்துவரும் சொல்லமாட்டார்.

இப்போது ஊசிக்கு வருவோம். நாய்க்கடியால் வரும் வெறிநோய்க்குக் காரணமான ரேபிஸ் வைரஸ் ரெட்ரோ வைரஸ் அல்ல, வேறு குடும்பம். குரங்குக்கும் அது வரும், நோயின் அறிகுறி தெரிந்த பின் மனிதருக்கு மருந்தில்லை. பயப்பட வேண்டியது இதற்குத்தான். மஞ்சளைக் கழுவி எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். இரண்டு மூன்று நாள் ஆனாலும் கழுவலாம். தோல் கிழிந்து ரத்தம் வந்திருப்பதால் ரேபிஸ் ஆபத்தை வைத்துக் காயங்களைப் பிரிப்பதில் இது கடுமையான மூன்றாம் வகை. ஊசியோடு சேர்த்து, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, தயார்நிலை எதிர்ப்புப் புரதம் கொண்ட மருந்தும் போட வேண்டும். அதை ஊசி தொடங்கிய 7 நாளுக்குள் போட்டாக வேண்டும் என்பதால் போனவுடனே கேட்டுவிடுங்கள். டி.டி. ஊசி பற்றியும் கேளுங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது பழைய காலத்துக் கதை. இப்போது தோளருகே தோலில் சின்னதாகப் போடுகிறார்கள், 0, 3, 7, 28ஆம் நாள்களில். அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்கமாட்டார்கள்.

மக்காக்குகளிடம் ஹெர்பிஸ்-பி என்று ஒரு வைரஸும் உண்டு. மனிதருக்கு வருவது மிக அபூர்வம், வந்தவர்களில் பெரும்பாலோர் ஆய்வுக்கூட ஊழியர்கள். அடுத்த ஒரு மாதத்தில் காயத்தருகே கொப்புளமோ மரத்துப்போவதோ, காய்ச்சலோ தெரிந்தால் குரங்கு கீறியதைச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், புண் ஆறியதும் 28ஆம் நாள் ஊசியை விட்டுவிடுபவர்கள் நிறைய. விட்டுவிடாதீர்கள். கீறிய குரங்கு இன்னும் அதே படிக்கட்டில் நன்றாகத்தான் திரிகிறது என்று மலைக்குப் போய்வந்த யாராவது சொன்னாலும் நிறுத்தாதீர்கள். பத்து நாள் பார்த்துவிட்டு ஊசியை நிறுத்தும் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான்.